கணக்குப் பெட்டியின் சாவி யாரிடம்?

2025 செப்டம்பர் 22ஆம் தேதியை வணிகப் பெருமக்கள் அவ்வளவு எளிதில் மறந்திருக்க மாட்டீர்கள். ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறிய நாள் அது. நெய்யும் வெண்ணெயும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. பிஸ்கட், சாக்லேட், ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய் எல்லாம் 18-லிருந்து 5 ஆயின. குளிக்கும் கட்டி சோப்புக்கு 5, அதே கம்பெனியின் திரவ சோப்புக்கு 18 என்று ஒரே அலமாரியில் இரண்டு வரி. வரி குறைந்ததில் நமக்கும் மகிழ்ச்சி, வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அன்று காலையில் கடை திறந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவர்கள் பட்ட பாடு தனிப் புராணம்.

நமது கடை மதுரையில், கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. முன்பக்கம் சில்லறை வியாபாரம், பின்பக்கம் சுற்றுவட்டாரச் சிறு கடைகளுக்கு மொத்த வியாபாரம். தகப்பனார் காலத்தில் சிட்டை, நாள்வழி, பேரேடு என்று மூன்று புத்தகங்கள், கணக்குப்பிள்ளை ஒருவர். 2016-ல், ஊரோடு ஒத்து வாழ வேண்டும் என்று கம்ப்யூட்டர் வாங்கினோம். உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதி விற்ற பில் போடும் மென்பொருளையும் வாங்கினோம். நல்ல மனிதர். கூப்பிட்டால் மொபெட்டில் வந்து நிற்பார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இரண்டே நாளில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்டினால் ஒரு சாவி எண் தருவார். அதைத் தட்டினால் அடுத்த ஓராண்டுக்கு மென்பொருள் ஓடும். கேட்டதைக் கட்டினோம். எதற்குக் கட்டுகிறோம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

செப்டம்பர் 22 அன்று வரி விகிதத்தை மாற்றப் போனால், அந்தப் பக்கத்துக்கு வேறு ஒரு கடவுச்சொல் கேட்டது. அது அவருக்கு மட்டுமே தெரிந்தது. தொலைபேசியில் அழைத்தால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. ஆளை அனுப்பிப் பார்த்தால், அவர் அலுவலகம் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். தொழிலை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டாராம். சரி, விகிதம் மாறிய சரக்குகளுக்குக் கையால் பில் எழுதி எட்டு நாளை ஓட்டினோம்.

அக்டோபர் 1 ஆயுத பூஜை. தராசு, படிக்கல், கல்லாப்பெட்டி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வழக்கப்படி முதல் பில் போடக் கம்ப்யூட்டரைத் திறந்தோம். உரிமக் காலம் செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது, புதிய சாவி எண்ணைத் தரவும் என்று ஒரே ஒரு வரி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை. பொட்டு வைத்த கம்ப்யூட்டர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

உள்ளே இருந்தது ஒன்பது ஆண்டுக் கணக்கு. மொத்தத்தில் சரக்கு எடுக்கும் சிறு கடைகளும் மாதக் கணக்கு வாடிக்கையாளர்களுமாக 240 பற்றுக் கணக்குகள். தீபாவளியோ அக்டோபர் 20. வரவேண்டிய பாக்கி மொத்தம் எவ்வளவு என்று நமக்கு உத்தேசமாகத் தெரியும். யாரிடம் எவ்வளவு என்பது பெட்டிக்குள். இதோடு சட்டமும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவின்படி, அந்தந்த ஆண்டின் வருடாந்தரப் படிவத்துக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதிகாரி வந்து கேட்டால், 'ஐயா, கணக்கு இருக்கிறது, சாவிக்காரர் ஊரில் இல்லை' என்றா சொல்ல முடியும்?

இந்த நேரத்தில்தான் தம்பி வந்தார். நம் தெருவில் வளர்ந்த பிள்ளை, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளர். பெற்றோரைப் பார்க்க மாதம் ஒருமுறை வருவார். வீட்டுச் சாமான் பட்டியலை நம்மிடம்தான் கொடுப்பார், சாமான் கட்டி முடியும்வரை முக்காலியில் உட்கார்ந்து ஏதாவது தொழில்நுட்பக் கதை பேசுவார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரையிலும் தம்பி என்றே குறிப்பிடுகிறோம். ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தவர் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில் வருகிறேன், அண்ணாச்சி. பெட்டியைத் திறக்க முடியுமா பார்ப்போம்" என்றார்.

விஜயதசமி அன்று காலையில் வந்து உட்கார்ந்தார். முதல் காரியமாக மென்பொருள் கணக்கை வைத்திருந்த கோப்பை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தார். மூலத்தில் கை வைக்கவே இல்லை, நகலில்தான் வேலை. கால்மணி நேரம் எதையோ பார்த்தவர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, வாசல் கதவுக்குத்தான் அவர் பூட்டுப் போட்டிருக்கிறார். உள்ளே இருக்கும் பெட்டி அவருடையது இல்லை, ஊர்ப் பொதுச்சொத்து" என்றார்.

கணக்குகளைச் சேமிக்க அந்த மனிதர் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்தியிருந்தார். அது 2000-ல் ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் எழுதியது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான வேலையில் இருந்தபோது உண்டான தேவையிலிருந்து பிறந்ததாம். காப்புரிமை எதையும் வைத்துக்கொள்ளாமல் அவர் அதைப் பொதுவில் விட்டுவிட்டார். யாரும் எடுக்கலாம், எதற்கும் பயன்படுத்தலாம், காசு கிடையாது. இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் செல்போனுக்குள் அது இருக்கிறது. இதை 2050 வரை பராமரிப்பதே தங்கள் நோக்கம் என்று அதை எழுதியவர்கள் அறிவித்திருக்கிறார்களாம். காசு வாங்கியவர் ஒன்பது ஆண்டில் காணாமல் போனார், காசு வாங்காதவர்கள் 2050-க்குச் சத்தியம் செய்கிறார்கள்! இந்தத் தலைகீழ்க் கணக்கு நமக்கு அன்று முழுவதும் பிடிபடவில்லை.

பெட்டி திறந்தது. ஆனால் மிளகு என்று இருக்க வேண்டிய இடத்தில் கே, பி, எஸ், எஃப் என்று நான்கு ஆங்கில எழுத்துகள் நின்றன. எல்லாச் சரக்கின் பெயரும் எல்லா வாடிக்கையாளர் பெயரும் இப்படித்தான். நமக்கு வயிறு கலங்கியது. "பயப்படாதீர்கள், இது பழைய பாமினி எழுத்துரு" என்றார் தம்பி. அந்தக் காலத்தில் ஆளுக்கு ஒரு தமிழ் எழுத்துருவை வைத்துக்கொண்டார்கள். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தைப் பொருத்தி வைப்பார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் அது தமிழாகத் தெரியும். யூனிகோடு என்னும் பொது ஏற்பாட்டில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருக்கிறது. ஆனால் அது கடைத்தெருவுக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகளைத் தமிழ் ஆர்வலர்கள் சிலர் எழுதி எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றைக் கொண்டு மாலைக்குள் மிளகு மிளகானது, கடுகு கடுகானது. 240 பாக்கியும் பெயரோடு வந்தன. தாள் தாளாக அச்செடுத்துத் தைத்து வைத்தோம். தம்பி கூலி வாங்க மறுத்துவிட்டார். அந்த மாதச் சாமானுக்கு நாமும் காசு வாங்கவில்லை.

அன்று மாலை முக்காலியில் நடந்த பேச்சைத்தான் வணிகப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். இப்படி எழுதியவர்களே பொதுவில் விடும் மென்பொருளைத் திறமூல மென்பொருள் என்றும் கட்டற்ற மென்பொருள் என்றும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நுணுக்கமான வேறுபாடு உண்டாம். அது நமக்கு வேண்டாம் என்று தம்பியே தள்ளிவிட்டார். நமக்குப் புரியும்படி அவர் சொன்னது மசாலாக் கதை. பாக்கெட்டில் வரும் சாம்பார்ப் பொடியில் என்ன விகிதத்தில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. காரம் போதவில்லை என்றால் அடுத்த பாக்கெட்டைத்தான் பார்க்க வேண்டும். மில்லில் அரைக்கும் பொடிக்கோ மல்லி இவ்வளவு, மிளகாய் இவ்வளவு என்று பக்குவம் நம் கையில் இருக்கிறது. கூட்டலாம், குறைக்கலாம், இந்த மில் மூடினால் அடுத்த மில்லுக்குப் போகலாம். மென்பொருளுக்கு அந்தப் பக்குவச் சீட்டுதான் மூல நிரல். அது கையில் இருந்தால், எழுதியவர் ஊரைவிட்டுப் போனாலும் இன்னொருவரை வைத்துச் சரிசெய்து கொள்ளலாம்.

இந்த இயக்கம் தொடங்கிய கதையும் நம் கதை போன்றதுதான். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற கல்வி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். அங்கே இருந்த அச்சு இயந்திரத்தில் அடிக்கடி தாள் சிக்கும். தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் கம்ப்யூட்டருக்குத் தகவல் போகும்படி அதன் மென்பொருளை இவர் திருத்தி வைத்திருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனம் புதிய இயந்திரம் ஒன்றைக் கொடுத்தது. அதிலும் தாள் சிக்கியது. திருத்தலாம் என்றால் மூல நிரல் இல்லை. அதை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழகத்துக்காரரிடம் நேரில் கேட்டபோது, யாருக்கும் தரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். சிக்கியது ஒரு தாள், ஸ்டால்மன் மனதிலோ அது முள்ளாகத் தைத்தது. 1983 செப்டம்பரில், யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற முறையில் முழு மென்பொருள் தொகுதி ஒன்றை எழுதப் போவதாக அறிவித்தார். 1989-ல் அதற்கு ஒரு பொது உரிமப் பத்திரமும் வந்தது. 'எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்றும் கொள், ஆனால் உன்னிடம் வாங்குபவனுக்கும் இதே உரிமையைக் கொடு' என்பதுதான் அதன் சாரம். 1991-ல் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸும் அடுத்த ஆண்டே இந்தப் பத்திரத்தின் கீழ் வந்துவிட்டது. இன்று ஆண்ட்ராய்டு செல்போன் ஒவ்வொன்றின் அடியிலும் ஓடுவது அந்த லினக்ஸ்தான். கல்லா மேல் மாட்டியிருக்கும் கியூஆர் அட்டையை வாடிக்கையாளர் தன் செல்போனில் படம் பிடிக்கிறாரே, அதன் அடியிலும் அதுதான்.

நமக்கு ஒரு சந்தேகம். வியாபாரிக்கு இனாம் என்ற சொல்லைக் கேட்டாலே கை கல்லாவுக்குப் போகும். நல்ல சரக்கை யார் சும்மா கொடுப்பார்கள்? எங்கேயோ இடிக்கிறதே என்றோம். தம்பி சொன்னார்: "இது தர்மம் மட்டும் இல்லை, அண்ணாச்சி. சரக்கு பொது, சேவைக்குத்தான் கூலி. ரெட்ஹேட் என்ற நிறுவனம் லினக்ஸை வைத்து இப்படியே தொழில் செய்தது. பராமரிப்பு, பழுது, பொறுப்பு, இவற்றுக்குத்தான் அங்கே காசு. 2019-ல் ஐ.பி.எம். அந்த நிறுவனத்தை எவ்வளவுக்கு வாங்கியது தெரியுமா? 3,400 கோடி டாலர்." யாரும் இனாமாக எடுத்துக்கொள்ளக்கூடிய சரக்கை வைத்திருந்த கடைக்கு 3,400 கோடி டாலர்! தொகையைக் கேட்டதும் நம் பையன் தராசில் போட்ட துவரம்பருப்பைக் கொட்டிவிட்டான்.

அதோடு இன்னொரு எச்சரிக்கையும் சொன்னார். இனாம் செயலியும் கட்டற்ற மென்பொருளும் ஒன்றல்ல. செல்போனில் இனாமாக இறங்கும் கணக்குச் செயலி சில நேரம் நம் தொடர்புப் பட்டியல் முழுவதையும் கேட்கிறது. "உங்கள் பற்று வாடிக்கையாளர் யார், எண் என்ன, மாதம் எவ்வளவு வாங்குகிறார் என்பதுதான் உங்கள் கடையின் உண்மையான சொத்து. எதிர்க்கடைக்காரர் கேட்டால் கொடுப்பீர்களா? செயலி கேட்டால் மட்டும் சரி என்று ஏன் தட்டுகிறீர்கள்?" என்றார். நாமும் தட்டியவர்தான். பேசாமல் இருந்துவிட்டோம். பணம் வந்தால் அறிவிக்கும் பெட்டியைப் பற்றிக் கேட்டதற்கு, அதற்குள் என்ன மென்பொருள் ஓடுகிறது என்பது பற்றித் தனக்குக் கவலை இல்லை, இரவு கடை கட்டும்போது வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்தால் போதும் என்று முடித்துக்கொண்டார்.

அடுத்த சந்தேகம் இதைவிடப் பெரியது. பக்குவச் சீட்டை எல்லோரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்க்கலாமே? தம்பி மழுப்பவில்லை. 2024-ல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னார். கேட்டபோது நமக்கு நம் தொழிலில் நடந்தது போலவே இருந்தது.

எக்ஸ்.இசட். என்று ஒரு சிறு மென்பொருள். கோப்புகளை அமுக்கிச் சிறிதாகக் கட்டும் வேலை அதற்கு, நம் கடையில் மூட்டை கட்டும் சணலைப் போல. லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அநேகமாக எங்கும் இருக்கும். அதைப் பல ஆண்டுகளாக ஒரே மனிதர் சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் கவனித்து வந்தார். களைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஒருவர் உதவிக்கு வந்தார். நேரில் யாரும் பார்த்ததில்லை, வெறும் பெயர்தான். சிறு சிறு திருத்தங்களைப் பணிவாகச் செய்து கொடுத்தார். வேறு சில பெயர்களில் சிலர், வேலை தாமதமாகிறது, உதவிக்கு ஆள் சேருங்கள் என்று பழையவரை நெருக்கினார்கள். இப்படி இரண்டு ஆண்டுக்கு மேல் விசுவாசமாக உழைத்து, கடைச் சாவியையே கையில் வாங்கிவிட்டார் அந்தப் புதியவர். 2024 தொடக்கத்தில் தன் சரக்கை உள்ளே வைத்தார். அது பரவியிருந்தால், தொலைவிலிருந்தபடியே கணக்கற்ற கம்ப்யூட்டர்களின் பின்வாசலைத் திறக்கும் கள்ளச்சாவி அவரிடம் இருந்திருக்கும். அந்தக் கலப்படத்தின் முக்கியமான துண்டு, எல்லோரும் பார்க்கும் மூல நிரலில் இல்லை, கட்டி வெளியிட்ட பொட்டலத்தில் மட்டும் இருந்தது. கண்ணாடி அலமாரியில் சுத்தமான மிளகு, மூட்டையில் பப்பாளி விதை!

இதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர். மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர். வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது, கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிடச் சுமார் அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். விடவில்லை. நூலைப் பிடித்துக்கொண்டே போய், 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார். சோதனை நிலையில் இருந்த பதிப்புகளோடு பெரும்பாலும் அது தடுக்கப்பட்டுவிட்டது. மூட்டையைத் தோளில் ஏற்றும்போதே, இதில் அரைக்கிலோ குறைகிறது என்று சொல்லும் சுமை தூக்கும் அண்ணன்மார் நம் வீதியில் உண்டு. இவர் அந்த ஜாதி என்று நமக்குத் தோன்றியது. "பக்குவச் சீட்டு திறந்திருந்ததால்தான் அவரால் நூலைப் பிடித்துக்கொண்டே உள்ளே போக முடிந்தது. பூட்டிய பெட்டியாக இருந்திருந்தால் அரை வினாடி தாமதம் என்று ஒரு புகார்க் கடிதம் எழுதியிருப்பார், அவ்வளவுதான்" என்றார் தம்பி. ஆனாலும் அவர் ஒத்துக்கொண்ட ஒன்று உண்டு. இதில் அதிர்ஷ்டமும் பாதி. அன்று அவர் கண்ணில் படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தனக்குத் தைரியமில்லை என்றார்.

பூட்டிய பெட்டி மட்டும் பத்திரமா என்றால் அதுவும் இல்லை. அதே 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான திருத்தத்தால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோயின. விமானங்கள் கிளம்பவில்லை. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே பயணிகளுக்குப் போர்டிங் பாஸ் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தது நமக்கு நினைவிருக்கிறது. நம் பில் புத்தகத்துக்கு அன்று ஒரு மரியாதை கூடியது.

இவ்வளவு கேட்டபின் நம் மனதில் உறுத்தியது வேறு. எக்ஸ்.இசட். மனிதர் சம்பளமில்லாமல் தனியாக நின்றார் என்பது. தம்பி இன்னொன்றும் சொன்னார். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல மென்பொருளில் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. வலைத்தளங்களில் வங்கி எண், கடவுச்சொல் போன்றவற்றை மறைத்து அனுப்புவதற்கு உலகின் பெரும்பகுதி அதைத்தான் நம்பியிருந்தது. அதைப் பராமரித்தவர்களுக்கு அதுவரை ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். கோடி கோடியாகச் சம்பாதித்த கம்பெனிகள் எல்லாம் அதைப் பயன்படுத்தின. யாரும் ஒரு பைசா போடத் தோன்றாமல் இருந்தார்கள். ஓட்டை வெளியானபின்தான் பெரிய நிறுவனங்கள் கூடி நிதி திரட்டின.

நாம் உடனே சொன்னோம்: "தம்பி, உங்கள் உலகத்தில் மகமை கிடையாதா?" அவருக்குப் புரியவில்லை, இந்தத் தலைமுறைக்கு அந்தச் சொல்லே போய்விட்டது. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தங்களுக்குள் பிடித்து வைத்த காசு. அதில்தான் நம் தென்மாவட்டங்களில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன, பேட்டைகள் எழுந்தன. யார் பெரிய வியாபாரி, யார் சிறியவர் என்று பார்ப்பதில்லை, மூட்டை இறங்கினால் மகமை. விளக்கிச் சொன்னதும் தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, பெங்களூரில் பங்கு வர்த்தகம் நடத்தும் ஜெரோதா நிறுவனம் 2024-ல் திறமூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருவதாக ஒரு நிதி தொடங்கியிருப்பதைச் சொன்னார். தாங்கள் பயன்படுத்தும் பொதுச்சரக்குக்கு அவர்கள் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரு கடை கொடுக்கிறது, வீதி முழுவதும் கொடுக்கவில்லை.

சரி, நம் கடைக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். கட்டற்ற மென்பொருளுக்கு நாம் மாறவில்லை. தம்பி இஆர்பி நெக்ஸ்ட் என்ற ஒன்றைக் காட்டினார். மும்பையில் உருவானது, திறமூலம், கணக்கு, இருப்பு, ஜி.எஸ்.டி. எல்லாம் உண்டு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை நிறுவி ஓட்ட ஓர் ஆள் வேண்டும். பில் அடிக்கும் சிறிய இயந்திரத்தோடும் மின்னணுத் தராசோடும் அதைச் சேர்த்துவைக்க ஓர் ஆள் வேண்டும். ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டம் நிற்கும்போது பில் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது? தம்பி சென்னையில் இருக்கிறார். "அது நியாயமான கேள்விதான். எங்கள் ஆட்கள் பலரும் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். மென்பொருளை எழுதி வைத்துவிட்டு, பார்த்துக்கொள் என்று போய்விடுகிறார்கள்" என்று அவரே சொல்லிவிட்டார்.

ஆகவே மறுபடியும் காசு கொடுத்து, மூடிய மென்பொருள் ஒன்றையே வாங்கினோம். ஆனால் இந்த முறை வாங்கும்போது நாம் பேசிய பேச்சு வேறு. தம்பி எழுதிக் கொடுத்ததை முன்னால் வைத்துக்கொண்டு, விற்க வந்தவரிடம் முதலில் கேட்டது விலை அல்ல. உரிமக் காலம் முடிந்தால் பழைய கணக்கைப் பார்க்கவாவது முடியுமா என்று கேட்டோம். வரி விகிதம் மாற்றும் கடவுச்சொல் நம் கையில் இருக்குமா, வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய சாதாரணக் கோப்பாக மொத்தக் கணக்கையும் நாமே எடுத்துக்கொள்ள வழி உண்டா, தமிழ்ப் பெயர்கள் யூனிகோடில் இருக்கின்றனவா என்றெல்லாம் கேட்டோம். வந்த மூவரில் ஒருவர், அப்படியெல்லாம் யாரும் கேட்டதில்லையே என்று சிரித்தார். அவரை வாசலோடு அனுப்பிவிட்டோம். இன்னொருவர், கேட்டுச் சொல்கிறேன் என்று போனார், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போலும். மூன்றாமவர் எல்லாவற்றையும் நம் கண்முன்னே செய்துகாட்டி, எழுதியும் கொடுத்தார். விலை ஆயிரம் ரூபாய் கூடுதல். பேரம் பேசாமல் கொடுத்தோம். நம் ஆயுளில் அது அபூர்வம்.

இப்போது மாதக் கடைசியில், கடை கட்டியபின், பையன் மொத்தக் கணக்கையும் எடுத்து லிப்ரே ஆபீஸ் என்னும் இனாம் மென்பொருளில் ஒருமுறை திறந்து பார்க்கிறான். கடைசிப் பாக்கித் தொகை ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இரண்டு பென் டிரைவில் வைத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டு இரும்புப் பெட்டியிலும் வைக்கிறோம். பத்து நிமிட வேலை. திறந்து பார்ப்பதுதான் இதில் முக்கியம் என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னார். நகல் இருக்கிறது என்று நம்பி, தேவைப்படும் நாளில் திறந்தால் வெறும் பெட்டியாக இருந்த கதைகள் அவரிடம் நிறைய உண்டு.

தம்பி சங்கத்துக்கும் ஒரு யோசனை சொன்னார். நம் வியாபாரிகள் சங்கங்கள் சில பொதுவில் எடைமேடை வைத்திருக்கின்றன அல்லவா? ஒவ்வொரு கடையும் தனித்தனியே ஒன்று கட்டுவதில்லை. அதுபோல, உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பில் மென்பொருளை எழுதி வாங்கி, அதன் மூல நிரலைச் சங்கத்தின் பெயரில் வைத்துக்கொண்டால் என்ன? எழுதியவர் போனாலும் நிரல் போகாது. பராமரிக்க இரண்டு உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம். வரி மாறினால் ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாக் கடைக்கும் மாறிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. யார் பொறுப்பெடுப்பது, மளிகைக்கும் மண்டிக்கும் ஒரே மென்பொருள் ஒத்துவருமா, சந்தா பாக்கி வைப்பவரை என்ன செய்வது என்றெல்லாம் கேள்விகளும் இருக்கின்றன. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவதற்கு நாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதே போன்ற சிக்கலில் மாட்டியவர்களும் வேறு வழி கண்டவர்களும் இதழுக்கு எழுதினால் கூட்டத்துக்கு முன் எல்லோரும் படிக்க வசதியாக இருக்கும்.

தீபாவளிக்குள் அந்த 240 பாக்கியில் இரண்டைத் தவிர மற்றவை வசூலாகிவிட்டன. அந்த இரண்டுக்கும் கம்ப்யூட்டர் காரணமில்லை.